ஏணியின் கீழ்ப்படி: ஏஐ வந்தால் யார் ஏறுவார், யார் நிற்பார்?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "இனி ஏஐ வந்து எல்லார் வேலையையும் தின்னுடும்." எதிர் வரிசையில் இருந்தவர் விடவில்லை. "அதெல்லாம் இல்லீங்க. இனிமேல்தான் கிராமத்துப் பையனும் பெரிய ஆளுங்க மாதிரி வேலை செய்யப்போறான்." ரசம் வருவதற்குள் இருவரும் தங்கள் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள்.

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ஒரே விஷயத்தைப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொன்னதுதான் சிக்கல். அந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துவிட்டாலே விஷயம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இடைவெளி வேறு, ஏற்றம் வேறு

ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படியில் நிற்பவருக்கும் உச்சிப்படியில் நிற்பவருக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒரு கேள்வி. இதைத்தான் ஏற்றத்தாழ்வு என்கிறோம். அடிப்படியில் பிறந்த குழந்தை வளர்ந்து எந்தப் படியில் போய் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. இதற்குச் சமூக நகர்வு என்று பெயர்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அப்பா பவானியில் ஜமுக்காளத் தறி போட்டவர். அக்கா பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று ஆரம்பித்து லோயர் பாஸ், ஹையர் பாஸ், அப்புறம் குரூப் 4 எழுதி அரசு அலுவலகத்தில் தட்டச்சர். அவள் மகன் இன்ஜினியரிங் படித்தான். மூன்று தலைமுறை, மூன்று படி. ஊரில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இருந்த இடைவெளி இதனால் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் எங்கள் வீடு நகர்ந்தது.

எல்லா ஊரிலும் இந்த நகர்வு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. மிகக் குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பத்தின் வாரிசுகள் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2. ஓஇசிடி நாடுகளின் சராசரி 4-லிருந்து 5. இந்தியாவில் 7. ஏழு தலைமுறை என்றால் நம்மில் பலருக்குக் கொள்ளுத்தாத்தா பெயருக்கு மேல் தெரியாது.

இரண்டு கேள்விகளும் வேறானாலும் ஒட்டும் உண்டு. கனடாவின் பொருளியலாளர் மைல்ஸ் கோரக் பல நாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஏற்றத்தாழ்வு அதிகமாக இருக்கும் நாடுகளில் அப்பாவின் வருமானம் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே வருவது தெரிந்தது. படிகளுக்கு இடையே தூரம் கூடினால் காலை எட்டி வைப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

இதுவரை: ஏற்றத்தாழ்வு என்பது படிகளுக்கு இடையிலான தூரம், சமூக நகர்வு என்பது ஏறும் வாய்ப்பு. ஏஐ இந்த இரண்டையும் தொடுகிறது, ஆனால் ஒரே பக்கமாக இழுப்பதில்லை.

அம்மாவின் சாம்பாரும் கணினியும்

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பழைய கணினி நிரல்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது? அம்மாவிடம் சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணளவுதான்" என்பார். அவருக்குத் தெரியும், சொல்லத் தெரியாது. இதற்குத் தமிழில் கைப்பக்குவம் என்று அருமையான சொல் இருக்கிறது.

பழைய நிரலுக்கு எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத முடியாததை அது செய்யாது. அதனால் ஐம்பது வருடமாகக் கணினி விழுங்கியதெல்லாம் விதிகளாக எழுதக்கூடிய வேலைகளை: கணக்குப் பதிவு, ரசீது, சம்பளப் பட்டியல். இன்றைய ஏஐ வேறு வழியில் போகிறது. ஆயிரக்கணக்கான சாம்பார்களை ருசி பார்த்து, எது நன்றாக இருந்தது என்று பார்த்து, கண்ணளவைத் தானே ஊகித்துக்கொள்கிறது. அது ருசி பார்த்த அந்தப் பழைய உதாரணங்களுக்குப் பயிற்சித் தரவு என்று பெயர். இந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கைப்பக்குவத்தைப் பிரதி எடுக்க முடிந்தால் யாருக்கு லாபம்? புதிதாகச் சமைப்பவருக்குத்தான். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றி 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருந்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காகச் சாட்டில் பதில் சொல்பவர்கள். திரையின் ஓரத்தில் ஓர் ஏஐ, "இப்படிச் சொல்லிப் பாருங்கள்" என்று யோசனை தரும். மணிக்கு எத்தனை பிரச்சினையைத் தீர்க்கிறார்கள் என்று எண்ணியபோது சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் சராசரியில் விஷயம் இல்லை. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை. சேர்ந்து இரண்டு மாதமே ஆனவர், ஏஐ இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் உழைத்தவருக்குச் சமமாக வேலை செய்தார்.

காரணம் எளிது. அந்த ஏஐ கற்றது யாரிடமிருந்து? அதே இடத்தில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களின் சாட்களிலிருந்து. அவர்களுடைய கைப்பக்குவம் எல்லார் இலையிலும் பரிமாறப்பட்டது. அதற்காக அவர்கள் சம்பளம் கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நல்ல சமையல்காரியின் கையைப் படம் எடுத்து விற்றுவிட்டு, அவருக்கு ஒரு காபி கூட வாங்கித் தராதது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

கிராமத்துப் பையன் பெரிய ஆட்கள் மாதிரி வேலை செய்வான் என்றாரே, அவர் சொன்னதற்கு ஆதாரம் இதுதான். உள்ளே இருப்பவர்களுக்கு இடையிலான தூரத்தை ஏஐ குறைக்கலாம்.

ஆனால் உள்ளே விட வேண்டுமே

இப்போது கதவுக்கு வெளியே வருவோம். அந்தச் சேவை நிறுவனத்தின் முதலாளியாக உங்களை வைத்துப் பாருங்கள். இரண்டு மாத ஆள் ஆறு மாத ஆள் மாதிரி வேலை செய்கிறார் என்றால், முன்பு பத்துப் பேர் செய்ததை எட்டுப் பேர் செய்யலாம். யாரையும் நிறுத்த வேண்டாம், சங்கடம் இல்லை. அடுத்த வருடம் புதிதாக இரண்டு பேரை எடுக்காமல் விட்டால் போதும். எடுக்கப்படாதவர் எந்தப் பணிநீக்கப் பட்டியலிலும் வரமாட்டார். அவருக்கே தெரியாது, அந்த நாற்காலி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று.

ஐடி நிறுவனத்தில் படிப்பு முடித்துப் புதிதாகச் சேரும் ஃப்ரெஷர் என்ன செய்வார் என்று அந்தப் பக்கம் உள்ளவர்களைக் கேளுங்கள். பழைய நிரலில் சின்னச் சின்னப் பிழை திருத்துவார், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் கேஸ் எழுதுவார், டிக்கெட்டாக வருகிற புகார்களைத் தீர்த்து மூடுவார், மூத்தவர் எழுதியதற்கு விளக்கக் குறிப்பு எழுதுவார். வேலை சலிப்பு. ஆனால் அந்தச் சலிப்பில்தான் தொழில் பிடிபடும். அக்கா இன்ஸ்டிட்யூட்டில் மாதக்கணக்கில் ஒரே வரியைத் தட்டியது வீண் போகவில்லையே, லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 என்று விரல் ஏறியது. இன்றைய ஏஐ முதலில் எடுத்துக்கொள்வது இந்தச் சலிப்பு வேலைகளைத்தான், ஏனென்றால் பயிற்சித் தரவு அதிகமாகக் கிடைப்பது அவற்றுக்கே.

இது நடக்க ஆரம்பித்துவிட்டதா? 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் பெரிய சம்பளப் பட்டுவாடா நிறுவனமான ஏடிபியின் பதிவுகளைப் பார்த்தது. மென்பொருள், வாடிக்கையாளர் சேவை போல ஏஐ அதிகம் தொடும் தொழில்களில், 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களின் வேலை அப்படியே இருந்தது, சிலவற்றில் கூடியும் இருந்தது. சரிவுக்குக் காரணம் ஏஐ மட்டும்தானா, கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் வட்டி விகிதம் ஏறியதும் சேர்ந்தா என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆய்விலும் முதல் பெயர் அதே பிரின்யோல்ஃப்சன்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் ஏஐ தலையில் போடக்கூடாது. 2025 ஜூலையில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் "ஏஐ வந்தாச்சு" என்று அலறின. அந்தக் குறைப்பு பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில். திறன் பொருத்தமின்மைதான் காரணம் என்றும், ஏஐயால் அல்ல என்றும் நிறுவனம் சொன்னது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வேலை போவது வேறு, வேலை பிறக்காமலே இருப்பது வேறு. சமூக நகர்வைத் தொடுவது இரண்டாவது.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது: ஒரே கருவி அறைக்குள் இருப்பவர்களைச் சமமாக்கிவிட்டு, அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்தவும் செய்யலாம். முதல் ஆய்வை மட்டும் படித்தவர் மகிழ்கிறார், இரண்டாவதை மட்டும் படித்தவர் பயப்படுகிறார்.

அண்ணன்களின் மார்க்கை வைத்துத் தம்பிக்கு மார்க்

பயிற்சித் தரவு என்றோமே, அது எப்போதும் நேற்றைய உலகம். நேற்று யார் மேலே இருந்தாரோ அவரையே நாளையும் மேலே காட்டும். ஆள் எடுப்பதற்காக அமேசான் உருவாக்கிப் பார்த்த ஒரு கருவி, பத்து வருட விண்ணப்பங்களைப் படித்துவிட்டு, பெண்கள் சார்ந்த சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. செய்தி 2018-ல் வெளியானது.

ஆனால் சமூக நகர்வுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 2020-ல் கொரோனாவால் அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் ரத்தானது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடும், வகுப்பில் எத்தனாவது இடம் என்ற வரிசையும் கொடுத்தார்கள். ஆஃப்குவால் என்ற தேர்வு ஒழுங்காணையம் ஒரு சூத்திரம் வைத்திருந்தது. கறாராகச் சொன்னால் அது ஏஐ அல்ல, புள்ளியியல். ஆனால் பழையதைப் பார்த்துப் புதியதைத் தீர்மானிக்கும் குணம் ஒன்றுதான்.

அது செய்தது இது: உங்கள் பள்ளியில் முந்தைய மூன்று வருட மாணவர்கள் எப்படி எழுதினார்களோ, அந்த அச்சில் இந்த வருட வரிசையை ஊற்றியது. உங்கள் பள்ளியில் அந்தப் பாடத்தில் அந்த மூன்று வருடத்தில் யாரும் உச்ச கிரேடு வாங்கியதில்லையா? நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அச்சில் அந்த இடம் பெரும்பாலும் இல்லை. வகுப்பில் ஐந்து பேருக்குள்தான் என்றால் புள்ளியியல் செல்லாது, ஆசிரியர் கொடுத்த கிரேடே நிற்கும். அவ்வளவு சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் சுமார் 40 சதவீதம் கீழே இறக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கி, ஆசிரியர் கிரேடையே ஏற்றது.

சூத்திரத்தை எழுதியவர்கள் ஏழைப் பிள்ளைகள் மேல் வன்மம் கொண்டவர்கள் அல்ல. கிரேடுகள் ஊதிப் பெருகக்கூடாது என்று நினைத்தவர்கள். தம்பிக்கு அண்ணன்களின் மார்க்கைப் போட்டதுதான் தப்பு. அடுத்த வருடம் தமிழ்நாட்டிலும் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. இங்கேயும் சூத்திரம் வந்தது: பத்தாவது மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பதினொன்றாவதுக்கு 20, பன்னிரண்டாவதின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. அதிலும் குறை உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் அந்தந்தப் பிள்ளை தானே வாங்கியது. பள்ளியின் ஜாதகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பழைய தரவை எடுப்பது என்பதை ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார், கணினி அல்ல.

வணக்கத்துக்கு 21, ஹலோவுக்கு 5

ஏஐயிடம் பேசும் மொழியும் ஒரு படிதான். ஏஐ எழுத்துகளை நம்மைப் போலப் படிப்பதில்லை, துண்டு துண்டாக நறுக்கி விழுங்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் டோக்கன் என்று பெயர். ரேஷன் கடை டோக்கன் அல்ல, ஆனால் அதைப் போலவே எண்ணித்தான் கொடுப்பார்கள்: ஏஐயைத் தங்கள் செயலியில் பொருத்துபவர்கள் பெரும்பாலும் டோக்கன் கணக்கில்தான் பணம் கட்டுகிறார்கள்.

கணினி சேமிக்கும் முறையில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், புள்ளியும் தனிக் குறி. "ஹலோ" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட், "வணக்கம்" 21 பைட். ஆங்கிலத்தை மனதில் வைத்து நறுக்கிய பழைய மாடல்களில் இந்தச் சுமை அப்படியே டோக்கனில் ஏறியது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது ஒரே வாக்கியத்தைப் பல மொழிகளில் நறுக்கிக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. அதாவது மொழியால் வந்த இடைவெளியில் பெரும்பகுதி யாரோ உட்கார்ந்து சரிசெய்தால் தீரக்கூடியது. இயற்கை விதி ஒன்றும் இல்லை.

கைடைப் பார்த்து எழுதிய வீட்டுப்பாடம்

ட்யூஷனுக்கு வசதியில்லாத பிள்ளைக்கு ஏஐ வாத்தியார் கிடைத்தால் நல்லதுதானே? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண சாட் ஏஐ, கேட்டால் விடையைக் கொட்டிவிடும். இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும் தரும் ஏஐ. பயிற்சி நேரத்தில் இரண்டு குழுவும் பிரமாதமாகச் செய்தன. பிறகு ஏஐயை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, முதல் குழு ஏஐயையே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் கேட்டு வளர்ந்த குழுவுக்கு அந்தச் சேதம் ஏறக்குறைய இல்லை.

கைடைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "விடையை மூடி வெச்சுட்டு நீயே போட்டுப் பாரு" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கும் பிள்ளைக்கும், அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்கும் கையில் இருப்பது ஒரே செயலிதான்.

அரிசி மில்லும் திண்ணையும்

கடைசியாகப் பணம். முன்பு உரலும் உலக்கையுமாக நெல் குத்திக் கூலி வாங்கிய பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மில் வந்தது. அரிசி வேகமாக, மலிவாகக் கிடைத்தது, எல்லாருக்கும் நல்லது. ஆனால் குத்துக்கூலி நின்றது, மில் முதலாளிக்கு வரவு கூடியது. இயந்திரம், நிலம், பங்கு என்று சொந்தமாக வைத்திருப்பதால் வரும் வருமானத்தை மூலதன வருமானம் என்பார்கள். வேலை இயந்திரத்துக்கு மாறும்போதெல்லாம் கூலியிலிருந்து கொஞ்சம் அந்தப் பக்கம் நழுவும். ஏஐக்கான கணினிச் சில்லுகள் (சிப்) விற்கும் என்விடியா 2025 ஜூலையில் 4 லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பைத் தாண்டியது என்றால், வரவு எந்தப் பக்கம் போகிறது என்று யூகிக்கலாம்.

இங்கே அடிக்கடி தப்பாகச் சொல்லப்படும் எண் ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப், உலக வேலைகளில் 40 சதவீதத்தை ஏஐ தொடும் என்றது. பணக்கார நாடுகளில் 60, மிக ஏழை நாடுகளில் 26. "40 சதவீதம் வேலை போகும்" என்று இது பரவியது. தொடும் என்றால் போகும் என்று பொருள் அல்ல, உதவுவதும் தொடுவதுதான்.

ஏஐ புது வேலைகளும் தருகிறதே என்பார்கள். தருகிறது. படத்தில் எது கார், எது மாடு என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதும் வேலை தமிழ்நாட்டின் சின்ன ஊர்கள் வரை வந்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே சம்பளம் என்பது பல பெண்களுக்குப் பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கென்யாவில் ஏஐக்காக உரைகளைப் படித்து வகை குறிக்கும் இதுபோன்ற வேலைக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கொடுத்தது 2023-ல் வெளியே வந்தது. அடுத்த பதவி என்ன என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. அது படி அல்ல, திண்ணை. உட்காரலாம், ஏற முடியாது.

அக்கா மகன் போன வாரம் ஓர் இன்டர்வியூவுக்குப் போய்வந்தான். நிரல் எழுதச் சொல்லவில்லையாம். ஏஐ எழுதிய இருநூறு வரி நிரலைத் திரையில் காட்டி, இதில் எங்கே தப்பு என்று கண்டுபிடி என்றார்களாம். இரண்டு கண்டுபிடித்தான், மூன்றாவது தெரியவில்லை.

"அது ரெண்டு வருஷம் வேலை பார்த்தவங்களுக்குத்தான் கண்ணுல படும் மாமா" என்றான். "அந்த ரெண்டு வருஷத்துக்காகத்தான் நான் அங்க போனேன்."